கிழக்குச் சுவரின் நிழல்

மைன்ஸ் குழியில் நீச்சல் பழகிய என் செட்டுக்காரர்களே, உங்களுக்கும் எனக்கும் காதோரம் ஒன்றிரண்டு நரை எட்டிப் பார்க்கிறது. பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று குரூப்பில் விசாரிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். போன வாரம் உங்களில் ஒருவர் அந்தக் குழியின் பழைய படத்தைப் போட்டு, 'எவ்வளவு ஜாலியான நாட்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஆளாளுக்கு இதயம் போட்டீர்கள். எனக்குப் போடக் கை வரவில்லை. நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஆடியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும், அந்தக் குழியை நினைத்து நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் மறந்துவிட்டீர்கள்.

கம்பெனி சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம் அது. ஊற்றும் மழையும் சேர்ந்து பச்சைத் தண்ணீர் நிற்கும். ஏரி தூர்ந்துபோன நம் ஊருக்கு ஆறு, குளம் எல்லாமே அதுதான். கிழக்குப் பக்கம் பனை உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு சுவர். அதன் காலடியில், தண்ணீரை ஒட்டி, களம் போலச் சமமான பாறை. நம் அம்மாக்கள் துணி துவைத்தது அங்கேதான். சூரியன் சுவருக்குப் பின்னால் ஏறி வருவதால் வெகுநேரம் வரை அந்தப் பாறையில் நிழல் இருக்கும். ஒருவர் துணியை அடித்தால் சத்தம் சுவரில் மோதி இன்னொரு அடியாகத் திரும்பி வரும். பார் சோப்பின் வாசனையும் ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் கலந்து வரும். மேற்கே, லாரிகள் இறங்கிய சாய்வுப் பாதை ஒன்று வளைந்து தண்ணீருக்குப் போகும். இரண்டு பக்கமும் சீமைக்கருவை முள், தலைக்கு மேலே கொளுத்தும் வெயில். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

சுவருக்கு மேலே, குழியின் விளிம்பு வரைக்கும், எங்கள் கொல்லை. நல்ல கரிசல். பருத்தி போட்டால் தோளுயரம் வரும்.

ஆனி கடைசியில் சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. திருச்சியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மழைத் தண்ணீர் பாறைக்குள் எந்த வழியாகப் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதுதான் அவர் படிப்பு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் கல்லைக் கட்டி அழுகிறாள் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த முறை தன்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். ஒருவர் கண்ணாடி போட்டவர், கல்லாகிப்போன கடல் சிப்பிகளை ஆராய்பவர். இன்னொருவர் பருத்திப் புழுவை ஆராய்பவர். மூன்று பேரும் ஊர் ஊராகப் போய்ச் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று தங்கள் ஆராய்ச்சியை ஜனங்களுக்குச் சொல்வதாக ஏற்பாடு.

"அதை ஏன்டி வெயில்ல நின்னு சொல்லணும்? காலேஜுல சொன்னா ஆவாதா?" என்று அம்மா கேட்டாள்.

"மழைத்தண்ணியப் பத்தின சேதிய ரூமப் பூட்டிக்கிட்டு நாலு பேருக்குச் சொல்லி என்னக்கா பண்றது? மழை பேயிற எடத்துல இருக்கறவங்களுக்குத்தான் அது வேணும்."

மறுநாள் சித்தி எங்கள் கொல்லையைப் பார்க்க வந்தார். அறுவடை முடிந்து காடு வெறுமனே கிடந்தது. கோடையில் கரிசல் வெடிக்கும், உங்களுக்குத் தெரியாததல்ல. பாளம் பாளமாக, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கிடக்கும். சித்தி அதையெல்லாம் தாண்டி நடந்து, குழி விளிம்புக்கு இந்தப் பக்கம் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு வெடிப்பு. அது குறுக்கே போகவில்லை. விளிம்புக்கு இணையாக, வரப்புப் போட்டாற்போல, கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனது. சித்தி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து கீழே துணி துவைக்கும் சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அன்று முழுக்க அப்பாவிடம் சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பின்னாலேயே போய்ச் சொன்னார்.

"கரிசக்காடுன்னா வெடிக்கத்தாம்மா செய்யும். ஒரு மழை பேஞ்சா மூடிக்கும்," என்றார் அப்பா.

"மத்ததெல்லாம் மூடும் மாமா. இது மூடாது. இது மண்ணு வெடிச்சதில்ல, அடியில பாறையே வெலகியிருக்கு. கீழ பொம்பளைங்க நிக்கிறாங்க."

அப்பா முரடர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது, அது ஊருக்கே இருந்தது. அதற்கு முன்பொரு முறை கம்பெனிக்காரர்கள், குழி ஆபத்தானது என்று சொல்லிக் கம்பிவேலி போட வந்தார்கள். வேலி போட்டால் ஊருக்குத் தண்ணீர் போய்விடும். நம் அப்பாக்கள்தான் குறுக்கே படுத்துத் தடுத்தார்கள். அன்றிலிருந்து குழியைப் பற்றி 'ஆபத்து' என்று யார் வாய் திறந்தாலும், நம் ஊரில் அவர் கம்பெனி ஆள். இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது. தண்ணீரைக் காப்பாற்றப் பழகிய பழக்கமே கண்ணை மறைத்துவிட்டது.

இதற்கு நடுவே ஆடி பிறந்தது. அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, அது தலை ஆடி. புதுப்பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். பதினெட்டாம் பெருக்கன்று குழியில் வைத்துத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். கொள்ளிடம் போக வண்டி வசதி இல்லாத ஊர் ஆயிற்றே, நமக்குப் பெருக்கு என்றாலே குழிதான். முளைப்பாரி எடுத்துப் போய், மாவிளக்கு ஏற்றி, காப்பரிசி படைத்து, ஊர்ப் பெண்கள் மொத்தமும் அந்த நிழல் பாறையில் நெருக்கியடித்து நிற்பார்கள்.

வாரச் சந்தையன்று மூன்று பேரும் கடைக்காரரிடம் மரச் சோடாப் பெட்டிகளை வாங்கிக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றார்கள். அந்தப் பெட்டிகளை இப்போது எங்கே பார்க்க முடிகிறது? லேகியம் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கூடியது. கண்ணாடிக்கார மேடம் சுருள் சுருளாக இருந்த ஒரு கல்லைத் தூக்கிக் காட்டி, "நீங்க வெங்காயம் குவிச்சிருக்கீங்களே, இந்த எடம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சு," என்றார்.

"சத்தமாச் சொல்லாதம்மா. வெங்காயம் உப்புக் கரிக்குதுன்னு வெலையக் கொறைப்பாங்க," என்றாள் வெங்காயக்காரம்மா. சந்தை சிரித்தது.

சித்தியின் முறை வந்தது. ஒரு தாம்பாளத்தில் களிமண்ணைத் தட்டி, அதன்மேல் கடப்பாக்கல் துண்டு ஒன்றை வைத்தார். தாம்பாளத்தைச் சாய்த்துக் காட்டினார், கல் அசையவில்லை. பிறகு சொம்புத் தண்ணீரைக் கல்லின் ஓரமாக மெதுவாக ஊற்றினார். கொஞ்ச நேரம் பொறுத்து, அதே அளவுதான் சாய்த்தார். கல் வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது.

"மேல கரிசல், அதுக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை, அதுக்கும் கீழ வழுக்குற களி. வெடிப்பு வழியாத் தண்ணி எறங்கிக் களிய நனைச்சா, மேல இருக்குற பாறை இப்பிடித்தான் போவும்."

"எந்த ஊர்லம்மா?" என்று கேட்டார் பின்னால் நின்ற பஞ்சாயத்து பிரசிடெண்ட்.

சித்தி மழுப்பியிருக்கலாம். மழுப்பத் தெரியாது அவருக்கு. "இந்த ஊர்லதாங்க. மைன்ஸ் குழிக்குக் கிழக்குச் செவரு. பெருக்கன்னைக்கு அதுக்கடியில யாரும் நிக்க வேணாம்."

சிரிப்பு நின்றது. தராசுத் தட்டுகூட ஆடவில்லை. பிரசிடெண்ட் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எப்ப இடியும்?"

"அது தெரியாதுங்க. நாளைக்கும் இடியலாம். பத்து வருசம் கழிச்சும் இடியலாம்."

"இதுக்கா இவ்வளவு படிச்ச? எங்கூரு ஜோசியரே நாளு நட்சத்திரத்தோட சொல்லிருவாரு. வேலி போடச் சொல்லிக் கம்பெனிக்காரன் அனுப்புனானா?"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். சித்தி பெட்டியை விட்டு இறங்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னார், குரல் கம்மும்வரை. கூட்டம்தான் கலைந்து போனது.

வீட்டில் அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்டச் சொன்ன, சரி. என் கொல்லை இடியும்னு சந்தையில ஏறி நின்னுதான் சொல்லணுமா?"

"உங்ககிட்டத்தான் மாமா மொதல்ல சொன்னேன். நீங்க கேக்கல."

சாயங்கால பஸ்ஸுக்கே மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். அம்மா தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து அடுப்பை ஊதினாள். இந்த வருஷம் பெருக்கை அதே பாறையில் இன்னும் ஜோராகக் கொண்டாடுவது என்று ஊர் முடிவு செய்தது. இனி அந்தப் பெண்கள் வந்தால் மைக்கோ பொதுவிடமோ கிடையாது என்றும் பிரசிடெண்ட் சொல்லிவிட்டார்.

பெருக்குக்குச் சில நாள் முன்பு நல்ல மழை ஒன்று பெய்தது. அதற்கு மறுநாள் காலை, பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தபோது, சித்தியும் மற்ற இருவரும் நேராகக் குழிக்கே இறங்கி வந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன். சித்தி சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்னை நம்ப வேணாம். மேல வந்து உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

வேடிக்கை பார்க்கிற ஆசையில்தான் பாதிப் பேர் வந்தார்கள். ஈரக் கால்களோடு எங்கள் கொல்லையில் ஏறினார்கள். மழைக்கு மற்ற வெடிப்பெல்லாம் மூடி, மண் வழவழவென்று கிடந்தது. அந்த ஒரு கோடு மட்டும் வாய் திறந்து கிடந்தது. ஒருத்தி பருத்திக் குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி கையை விட்டு நழுவிப் போயிற்று. அப்போது அம்மா தன் பாட்டுக்கு எங்கள் கிணற்றடிக்குப் போய், வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, நுனியில் ஒரு கல்லைக் கட்டி எடுத்து வந்தாள். வெடிப்புக்குள் இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசி முழம் கையில் நின்றபோதும் கல் எதிலும் முட்டவில்லை.

அத்தை குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். "அண்ணி, உள்ளேருந்து சில்லுன்னு காத்து வருது," என்றாள். பிறகு நிமிர்ந்து, "நான் அந்த நெழல்ல நின்னு கயிறு மாத்த மாட்டேன்," என்றாள்.

அத்தை சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். பெருக்கு மேற்குச் சாய்வுப் பாதையில் என்று அங்கேயே முடிவாயிற்று. ஆண்கள் ஆத்திரத்தில் குதித்தார்கள். ஆனால் முளைப்பாரி பெண்கள் தலையில் அல்லவா போகிறது? அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் மேளம் போக முடியும்.

அந்தப் பெருக்கை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பெண்கள் வெயிலில், முள்ளுக்கு நடுவே, கால் சுடச்சுட நின்றார்கள். எதிரே நிழல் பாறையில், வேண்டுமென்றே, ஆண்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் அப்பா. சுவரில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். அம்மா அத்தையின் கழுத்தில் மஞ்சள் கயிற்றை முடிச்சிடப் போனாள். பார்வை முழுக்கச் சுவர்மேல். முடிச்சு விழவேயில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாவிளக்கு அணைந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொடிக் கல்கூட உதிரவில்லை.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? டீக்கடையில் அதுவே பேச்சு. அம்மா தண்ணீர் எடுக்கப் போனால், "செவரு இன்னும் நிக்குதா, தங்கச்சிகிட்டக் கேட்டியா?" என்பார்கள். அப்பா டிராக்டர் விட்டு ஆழ உழுது, அந்த வெடிப்பையே இல்லாமல் ஆக்கிப் பருத்தி விதைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார்: "நாளையிலேருந்து பழைய எடத்துலயே தொவைங்க. வெயில்ல நின்னு கறுத்ததுதான் மிச்சம். ஊரு சிரிக்குது."

"சரிங்க," என்றாள் அம்மா.

அந்த 'சரிங்க'வைக் கேட்டதும் நான் தட்டைத் தள்ளிவைத்தேன். மறுநாளிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் நரகமாயிற்று. டீச்சர் பாடம் நடத்தும்போது நான் ஜன்னல் வழியாகக் குழி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கலாம், மணி அடித்ததும் யாரிடமும் பேசாமல் ஓடுவேன். வீட்டுக் கொடியில் துவைத்த துணி தொங்கினால்தான் உயிர் வரும். துணி தொங்கினால் அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று அர்த்தம். லீவு நாளில் நானும் வருகிறேன் என்று அழுதால், "நீ வரக்கூடாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவாள். எனக்கு ஆபத்து என்று தெரிந்தே தான் மட்டும் போகிறாள் என்று நினைத்து, அவள்மேல் ஆத்திர ஆத்திரமாக வரும்.

சித்தி வருவதை நிறுத்திவிட்டார். அப்பாவின் பட்டன் போனுக்கு எப்போதாவது கூப்பிடுவார். அப்பா போனை அம்மாவிடம் கொடுக்கும்போது, "செவரு நல்லா இருக்குன்னு சொல்லு," என்று சத்தமாகச் சொல்வார். அந்தப் பக்கம் சித்திக்குக் கேட்டிருக்கும்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. கலெக்டர் லீவு விட்டதாக டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. மழை விட்ட ஒரு காலையில், சேர்ந்துகிடந்த அழுக்குத் துணியையெல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு அம்மா கிளம்பினாள். என்னை வேண்டாம் என்றாள். அழுதுகொண்டிருந்த என்னை அப்பா கொல்லைக்கு அழைத்துப் போனார்.

பருத்தி இடுப்பளவு நின்றது. பாத்தியெல்லாம் தண்ணீர். அப்பா மண்வெட்டியால் வெட்டி வடியவிட்டார். தண்ணீர் குழிப் பக்கமாக ஓடியது. விளிம்பு வரை போக வேண்டிய தண்ணீர், பாதியிலேயே ஓரிடத்தில் காணாமல் போனது. அப்பா இன்னொரு வாய்க்கால் வெட்டினார். அதுவும் அதே நேர்க்கோட்டில் போய் மறைந்தது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"பாப்பா, பின்னால போ. ஓடு."

நான் ஓடித் திரும்பியபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பருத்தி முழுவதும் நின்ற வாக்கிலேயே இறங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. காலுக்கடியில் நிலம் உதறியது. வெள்ளைப் புழுதியும் சேற்றுத் தண்ணீரும் மேலே எழும்பி எங்கள்மேல் விழுந்தது.

அப்பா விளிம்பை நோக்கி ஓடினார். நான் அலறிக்கொண்டே பின்னால் ஓடினேன். எட்டிப் பார்த்தால் நிழல் பாறை இருந்த இடமே இல்லை. வீடு வீடாகப் பாறைகள் கிடந்தன. தண்ணீர் காவி நிறத்தில் கொந்தளித்தது. அதன்மேல் துணிகள் மிதந்தன. புடவைகள், பாவாடைகள், சின்னப் பிள்ளைகளின் சட்டைகள். அவற்றுக்கு நடுவே அப்பாவின் கட்டம் போட்ட கைலி.

அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். ஒரு பதிலும் வரவில்லை. கீழே குதிக்கப் போனவரை நான் வேட்டியைப் பிடித்துத் தொங்கி இழுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, குழியைச் சுற்றிக்கொண்டு இறங்கும் வழிக்காக ஓடினார். வழியெல்லாம் சேறு, முள். விழுந்தார், எழுந்தார், ஓடினார். மேற்குச் சாய்வுப் பாதையின் தலைப்பில் போய் நின்றோம்.

அந்த வளைவிலிருந்து பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்புக்குமேல் வரை நனைந்து, தலைவிரிகோலமாக, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. ஊரில் துவைக்கப் போகிற அத்தனை பேரும் இருந்தார்கள். எதிர்க்கரையிலிருந்து எழும்பி வந்த அலை துணியை மட்டும் அடித்துக்கொண்டு போயிருந்தது. கடைசியாக அம்மா வந்தாள்.

அப்பா அவள் முன்னால் போய் நின்றார். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, இத்தனை பேர் நடுவில் தொட முடியாமல் கீழே போட்டார்.

"நான் சொன்னதுக்கப்புறமும் இங்கதான் தொவைச்சீங்களா?"

"ஆடியிலேருந்து இங்கதான்," என்றாள் அம்மா.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். கல்லைக் கட்டிக் கயித்த எறக்குனது நானு. அதுக்கப்புறமும் அங்க போவேனா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஊர் சந்தையில பெட்டி மேல ஏறி நின்னு, தொண்டத்தண்ணி வத்த ஒருத்தி சொன்னா. அதையே நீங்க கேக்கல. நான் அடுப்படியில சொல்லியா கேட்டுருப்பீங்க?"

அப்பா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"போனைக் குடுங்க," என்றாள் அம்மா. "மழைன்னா அவ அங்க தூங்கியிருக்க மாட்டா. யாரும் நெழல்ல நிக்கலன்னு அவகிட்ட மொதல்ல சொல்லணும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் கையெல்லாம் சேறு, அம்மாவின் கை ஈரமாக இருந்தது. நம்பரை நான்தான் அழுத்தினேன்.